ஓர்கானிக் பருத்திச் சட்டையும் எங்கட தையல் பிள்ளைகளும்

நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து இரவைக்கு வாசியுங்கள்.

எங்கள் ஆசிரியைகளின் வட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒருவர் ஒரு விளம்பரத்தைப் போட்டிருந்தார். ஓர் ஒன்லைன் கடை. ஐந்து வயதுப் பிள்ளைக்கான பெருநாள் சட்டை. 100% ஓர்கானிக் பருத்தி, நெறிமுறைப்படி செய்யப்பட்டது, பூமிக்கும் நல்லது, பிள்ளையின் தோலுக்கும் நல்லது. விலை 14,500 ரூபாய். கீழே பதில்கள் வரத் தொடங்கின. "இந்தக் காசுக்கு வீட்டுல எல்லாருக்கும் உடுப்பெடுக்கலாம்" என்றார் ஒருவர். இன்னொருவர் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டு, "சேதனமா? 2021இல பட்டது காணாதா?" என்றார். மூன்றாமவர், "பணக்காரர் மனச்சாட்சிக்கு வாங்குற மருந்து" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றும் கெட்டித்தனமான பதில்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஓர்கானிக் என்ற சொல் வயலைப் பற்றியது. சட்டை வயலில் தைக்கப்படுவதில்லை. அதைத் தைக்கிறவர்கள் எங்களிடம் ஓ.எல். வரை படித்துவிட்டுப் போன பிள்ளைகள். இந்த நாட்டில் இருந்துகொண்டு நெறிமுறை உடுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சேதனம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே வயல் செய்கிறவர்களின் முகம் சுருங்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். நவம்பரில் கைவிட்டார்கள். அதற்குள் என்ன நடந்தது என்று 2021/22 பெரும்போகத்தில் வயல் விதைத்த யாரிடமும் கேளுங்கள். அந்தப் போகத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சேதனம் ஓர் ஏச்சு வார்த்தையாகிவிட்டது.

ஆனால் சேதனப் பருத்தி அப்படி இரவோடு இரவாக வருவதில்லை. ஒரு காணியில் செயற்கைப் பசளையையும் பூச்சிநாசினியையும் நிறுத்தி இரண்டு மூன்று வருடம் போன பிறகுதான் அதில் விளைவதற்குச் சான்றிதழ் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் விளைச்சல் குறையும். கிடைக்கும் விலையோ பெரும்பாலும் சாதாரணப் பருத்தியின் விலைதான். மரபணு மாற்றிய விதையும் போடக் கூடாது. இந்த விதை விஷயம் லேசானதல்ல. உலகில் அதிகமாகச் சேதனப் பருத்தி விளைவது இந்தியாவில்தான். அதே இந்தியாவில் 2002இல் பிடி பருத்தியை அனுமதித்த பிறகு, பருத்திக் காணிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த விதையே நிறைந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்திலோ ஒடிசாவிலோ இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் மாற்றாத விதையைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் பக்கத்துக் காணியின் விதையோ மகரந்தமோ கலந்துவிடாமல் காக்க வேண்டும். உலகத்தில் விளையும் பருத்தியில் 100க்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் சேதனப் பருத்தி. இவ்வளவு பாடு இருக்கும்போது அது ஆச்சரியமில்லை.

இதில் நன்மையும் இருக்கிறது. மருந்தடிக்கிற மனிதனின் நெஞ்சுக்குள் அந்த மருந்து போகாமல் இருப்பது பெரிய நன்மை. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் வயலுக்கு மருந்தடிக்கும் வாப்பாமாரின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நான் அதைப் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் விளம்பரத்தில் இருந்த "பிள்ளையின் தோலுக்கு நல்லது" என்ற வரியை நம்பவும் மாட்டேன். பருத்தி நூலாகி, அவிந்து, வெளுத்து, சாயத்தில் முங்கி வந்த பிறகு பிள்ளையின் தோலில் படுவது சாயமும் கடைசியில் போட்ட பதப்பொருளும்தான். பார்ப்பதென்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். அதேபோல ஒரு டீ சேட்டுக்கு 2,700 லீட்டர் தண்ணீர் என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அதில் எவ்வளவு மழை, எவ்வளவு ஆற்றில் இருந்து இறைத்தது என்பதெல்லாம் விளைந்த ஊரைப் பொறுத்தது. புவியியல் படிப்பிக்கிற எனக்கு அந்தத் தனி எண்ணைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

இனி முத்திரைக்கு வருவோம். முத்திரையைப் பற்றி எங்கள் சமூகத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2013இல் பைக்கட்டின் மூலையில் இருந்த ஒரு சின்ன ஹலால் அடையாளம் நாட்டையே கலக்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். பிஸ்கட் பைக்கட்டைத் திருப்பிப் பார்க்காமல் கூடைக்குள் போடுகிற உம்மா எங்கள் ஊரில் இல்லை. ஆனால் அந்த முத்திரை என்ன சொல்கிறது? உள்ளே என்ன கலந்திருக்கிறது, எப்படி அறுக்கப்பட்டது என்று சொல்கிறது. கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவருக்கு ஓவர்டைம் காசு கொடுத்தார்களா என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வந்த முத்திரையும் அல்ல அது. ஒரு முத்திரை, தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

துணியிலும் அப்படித்தான். ஓ.சி.எஸ். என்று ஒரு தரச்சான்று இருக்கிறது. இந்தத் துணியில் இவ்வளவு சேதன நார் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். கோட்ஸ் என்று சுருக்கிச் சொல்கிற இன்னொன்று இருக்கிறது. அது கடுமையானது. சேதனம் என்று போட 95 வீதம் சேதன நார் வேண்டும், "சேதன நாரால் செய்தது" என்று போட 70 வீதமாவது வேண்டும். எந்தச் சாயம், கழிவு நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்கும். சிறுவர் உழைப்பு, கட்டாய உழைப்பு கூடாது, தொழிற்சங்கம் சேரும் உரிமை வேண்டும் என்றும் கேட்கும். கொடுக்கிற கூலிக்கும் ஒரு குடும்பம் மானமாக வாழத் தேவையான கூலிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்க்கவும் சொல்லும். நல்ல விஷயம். ஆனால் கணக்குப் பார்ப்பது வேறு, சம்பளப் பட்டியலில் ஏற்றுவது வேறு. எந்தச் சான்றும் இல்லாமல் வெறுமனே "100% ஓர்கானிக்" என்று எழுதியிருந்தால் அது விற்கிறவரின் வாய்ப்பேச்சுத்தான். எங்கள் குழுவில் வந்த விளம்பரம் அந்த வகை.

சான்று இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020இல் கோட்ஸ் அமைப்பே, இந்தியாவில் போலிச் சான்றுகளோடு 20,000 தொன் பருத்தி சேதனம் என்ற பெயரில் ஓடியதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னது. அந்தப் போலியால் ஏமாந்தது வாங்கினவர் மட்டுமல்ல. உண்மையாகவே மூன்று வருடம் பொறுத்து விளைவித்த விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய மேலதிக விலையையும் அது கீழே இழுத்துவிடும்.

இதெல்லாம் வயலும் தாளும். இனி மிசினடிக்குப் போவோம்.

ஓர்கானிக் பருத்தி எங்கள் ஊருக்கும் வருகிறது, தெரியுமா? ஏற்றுமதியில் மிஞ்சியது, கழிபட்டது எல்லாம் விற்கிற கடைகளில் பாருங்கள். கழுத்தில் இருக்கும் கம்பனி லேபலைக் கத்தரியால் பாதி வெட்டியிருப்பார்கள். உள்பக்கத் தையலில் இருக்கும் சின்ன லேபலை மறந்துவிடுவார்கள். அதில் ஓர்கானிக் கொட்டன், மேட் இன் ஸ்ரீலங்கா என்று இருக்கும். 900 ரூபாய், 1,200 ரூபாய். என் மகனுக்கு அப்படி இரண்டு பெனியன் இருக்கிறது. நல்ல துணி, கழுவக் கழுவ மெதுவாகிறது.

என்னிடம் தரம் 9இல் இருந்து 11 வரை படித்த ஒரு பிள்ளை இப்போது கார்மென்ட் ஒன்றில் மிசின் ஒபரேட்டர். கணிதத்தில் மட்டும் தவறிவிட்டது. வீட்டில் மூத்தது, வாப்பா இல்லை. விடிய ஐந்தரைக்கு கார்மென்ட் பஸ் சந்திக்கு வரும். போன விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தபோது அந்தப் பெனியனைக் காட்டி, இது உங்கட லைனிலும் வருமா என்று கேட்டேன்.

"வரும் டீச்சர். துணி வரக்குள்ளேயே வேறயா வரும். மற்றத் துணியோட கலக்கக் கூடாதெண்டு சொல்லுவாங்க. மேசையத் துடைச்சிட்டுத்தான் வைக்கணும். கலந்தா ஏச்சு விழும்."

"அது தைக்கிற நாளைக்குக் காசு கூடவா?"

பிள்ளை சிரித்துவிட்டது. "துணிக்குத்தான் டீச்சர் மரியாதை. டாகட் ஒண்டுதான்."

டாகட் என்றால் மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்ற கணக்கு. முடிந்தால் இன்சென்டிவ். முடியாவிட்டால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நிற்பார். மாதத்தில் ஒரு நாள் லீவு எடுத்தாலும் வரவுக்கான கொடுப்பனவு வெட்டுப்படும். வயிற்று வலி வரும் நாட்களில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "பெனடோல் போட்டுட்டுத் தைப்பேன்" என்றது. இதை அழுகைக் கதையாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லவில்லை. தன் சம்பளத்தில் தம்பியைப் படிப்பிப்பதைப் பெருமையாகத்தான் சொன்னது. வேலை இருப்பது நல்லது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதைவிட ஊரில் இருந்து உழைப்பது ஆயிரம் மடங்கு நல்லது என்று அதன் உம்மா சொல்வதும் சரி. அந்த வேலைக்கு என்ன கூலி என்பதுதான் என் கேள்வி.

தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது. 2026 ஜனவரியில் இருந்து 30,000. ஓவர்டைமும் இன்சென்டிவும் சேர்த்து கார்மென்டில் அதைவிடக் கூட எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் நோயில் படுத்தாலும் கையில் நிற்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. அந்த விளம்பரத்துச் சட்டை 14,500 ரூபாய் என்றேன் அல்லவா. சட்டம் சொல்கிற ஆகக் குறைந்த மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி. வயலுக்கு மேலதிக விலை, சான்றிதழுக்குச் செலவு, கடைக்கு இலாபம் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கிறது. தைத்த கைக்கு மேலதிகமாக என்ன என்று கேட்டு நான் அந்தக் கடைக்கு மெசேஜ் அனுப்பினேன். இதயம் ஒன்று வந்தது. பதில் வரவில்லை.

இந்த நாட்டின் தைத்த ஆடை ஏற்றுமதி வருடத்துக்கு ஏறக்குறைய 500 கோடி டொலர். நேரடியாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை, அதில் பெரும்பாலானோர் பெண்கள். 1978இல் கட்டுநாயக்கவில் தொடங்கியது, 1992இல் 200 கார்மென்ட் திட்டத்தோடு கிராமங்களுக்கு வந்தது, யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கிழக்குக்கும் நன்றாகவே வந்துவிட்டது. நெறிமுறை என்ற சொல்லும் எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. 2006இல் எங்கள் ஆடை உற்பத்தியாளர்களே "குற்ற உணர்வில்லாத ஆடைகள்" என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி வெளிநாட்டில் விளம்பரம் செய்தார்கள். சிறுவர் உழைப்பு இல்லை, கட்டாய உழைப்பு இல்லை, பாகுபாடு இல்லை என்று. அது வெறும் பொய்யும் அல்ல. பக்கத்து நாடுகளோடு பார்த்தால் எங்கள் தொழிற்சாலைக் கட்டடங்கள் பாதுகாப்பானவை, காற்றோட்டமானவை. ஆனால் அந்த வாக்குறுதிகளில் வாழப் போதுமான கூலி என்று ஒன்று இருக்கவில்லை. வாங்குகிறவரின் குற்ற உணர்வைத் தீர்க்கச் செய்த பட்டியலில் தைக்கிறவரின் வீட்டு வாடகை வராதுதானே.

கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் கண்டிருக்கிறோம். 2011 மே மாதம் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்க தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிஸார் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி மௌத்தானார். சட்டமூலம் வாபஸ். 2025 மே மாதம் அதே கட்டுநாயக்கவில் ஒரு பெரிய தொழிற்சாலை திடீரென மூடப்பட்டு 1,400க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். காரணம் என்ன சொன்னார்கள்? இங்கே செலவு கூடிவிட்டது என்று.

"சம்பளம் கூட்டக் கேட்டால் கம்பனி பங்களாதேஷுக்குப் போயிடும்" என்று ஸ்டாப் ரூமில்கூடச் சொல்கிறார்கள். நல்லது, பங்களாதேஷையே பார்ப்போம். 2013 ஏப்ரல் 24இல் ரானா பிளாஸா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் அங்கேயும் பரிசோதகர்கள் வந்து போனார்கள், சான்றிதழ்கள் சுவரில் தொங்கின. நிலைமையை மாற்றியது அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தம். 200க்கும் மேற்பட்ட கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்டு, மீறினால் சட்டத்தின் முன் நிற்க வேண்டும் என்று ஒத்துக்கொண்ட ஒப்பந்தம். கட்டடப் பாதுகாப்புக்கு அப்படி ஒன்றைச் செய்ய முடிந்தவர்களுக்குக் கூலிக்குச் செய்ய முடியாதா? எல்லா நாட்டுக்கும் ஒன்றாகச் செய்தால் எந்தக் கம்பனி எங்கே ஓடும்?

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதில் தனிக் கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன். 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக மூன்று மாதத்துக்கு மேல் ஒன்லைன் வகுப்புகளை நிறுத்தினோம். சரியான போராட்டம், நானும் நின்றேன். அத்தனை நாளும் எங்கள் சம்பளம் கணக்குக்கு வந்தது. அந்தப் பிள்ளை ஒரு நாள் நின்றால் அன்றைக்கே வெட்டு. ஆகக் குறைந்த சம்பளம் கூடுகிறது என்ற செய்தி வரும்போது "விலைவாசி ஏறப் போகுது" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களில் ஆசிரியர்களும் இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு நாட்டுக் கதையும் சொல்ல வேண்டும். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் புவியியல் பாடத்தைப் பிள்ளை உடுத்திருக்கும் உடுப்பில் இருந்து தொடங்கச் சொல்வார். இன்றைக்கும் தரம் 10 வகுப்பில் நான் அதைச் செய்கிறேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கொலரைத் திருப்பி வாசிக்கச் சொல்வேன். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். பிறகு கேட்பேன்: தைத்த நாடு தெரிந்துவிட்டது, பருத்தி விளைந்த நாடு எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை.

அப்போது உஸ்பெகிஸ்தானைச் சொல்வேன். இமாம் புகாரி பிறந்த புகாரா அந்த நாட்டில்தான் இருக்கிறது என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும். அந்த நாட்டில் பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதில் ஏரல் கடல் வற்றிப் போனது, கப்பல்கள் மணலில் நிற்கின்றன. அதைப் பாடப் புத்தகத்திலும் படிக்கலாம். எங்களைப் போன்றவர்களை உலுக்க வேண்டியது மற்றது. அங்கே பல வருடங்களாக, அறுவடைக் காலம் வந்தால் பாடசாலைப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் வைத்தியசாலை ஊழியர்களையும் அரசாங்கமே பருத்தி பறிக்க அனுப்பியது. மறுத்தால் வேலைக்கு ஆபத்து. ஆசிரியை காலையில் சோக் கட்டி பிடிக்கும் கையால் பருத்தி பறித்து, நாளுக்கு இத்தனை கிலோ என்று நிறுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பருத்தி நல்ல சட்டையாகி உலகம் முழுக்கப் போனது. 300க்கும் மேற்பட்ட கம்பனிகள் உஸ்பெக் பருத்தியை வாங்க மாட்டோம் என்று கையெழுத்திட்டன, தொழிற்சங்கங்களும் மனித உரிமைக்காரர்களும் விடாமல் நின்றார்கள், உள்ளே இருந்த மனிதர்கள் ஆபத்தோடு படமெடுத்து வெளியே அனுப்பினார்கள். அரசாங்கம் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 2021 அறுவடையில் திட்டமிட்ட கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்ததாக சர்வதேச தொழில் ஸ்தாபனம் சொன்னது, 2022 மார்ச்சில் பகிஷ்கரிப்பும் முடிந்தது. சேதன முத்திரை இதைச் செய்யவில்லை. யார் பறித்தது என்று கேட்டவர்கள் செய்தார்கள்.

அதே கேள்வி இன்று சின்ஜியாங்கில் நிற்கிறது. உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் விளைகிறது. உய்கூர் முஸ்லிம்களை வற்புறுத்தி வேலைக்கு அனுப்புவதாக ஆய்வாளர்கள் ஆவணங்களோடு சொல்கிறார்கள், சீனா மறுக்கிறது. 2022 ஜூனில் இருந்து அமெரிக்கா அங்கிருந்து வரும் பொருட்களைக் கட்டாய உழைப்பில் செய்தது என்றே எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று நிரூபித்தால்தான் உள்ளே விடும். அமெரிக்காவுக்கு அதில் தன் அரசியல் இருக்கிறது, தெரிந்த விஷயம். ஆனால் நாங்கள்? காஸாவுக்காகச் சோடாப் போத்தலைப் புறக்கணித்தோம், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் கல்யாண வீடுகளில் மேசையில் இருந்த போத்தலே மாறியது. அந்த அளவுக்கு ஒற்றுமையாகக் கேட்கத் தெரிந்த சமூகம் துணிக்கடையில் மட்டும் "மீற்றர் எவ்வளவு" என்பதோடு நின்றுவிடுகிறது. நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளின் சீருடைத் துணி சீனாவின் நன்கொடையாக வருகிறது. 2025க்கு முழுத் தேவையையும் அவர்களே தந்தார்கள். வறிய பெற்றோருக்கு அது பெரிய உதவி, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் துணி அந்தப் பருத்தி என்றும் சொல்லவில்லை. பொதி வந்த நாளில் எங்கள் பாடசாலையில் இது எங்கே விளைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

சரி டீச்சர், பெருநாளைக்கு என்ன எடுக்கச் சொல்றீங்க என்று கேட்பீர்கள். 14,500 ரூபாய்ச் சட்டையை வாங்கச் சொல்ல மாட்டேன். என்னாலும் முடியாது. முடிந்தவர்கள் வாங்கட்டும், ஆனால் வாங்குவதற்கு முன் தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கட்டும். லண்டனிலும் டோஹாவிலும் மெல்பர்னிலும் இருக்கிற எங்கள் சொந்தங்களுக்கு இது இன்னும் பொருந்தும். நீங்கள் நிற்கிற கடையில் தொங்குவது எங்கள் பிள்ளைகள் தைத்தது. கடைக்காரருக்கு ஓர் ஈமெயில் போடுங்கள். அந்த ஈமெயிலுக்கு என் மெசேஜைவிட மதிப்பு இருக்கும், அவர்களுக்கு நீங்கள்தான் வாடிக்கையாளர்.

இங்கே இருக்கிறவர்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். என் அலுமாரியில் இருக்கும் அபாயாக்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பொலியெஸ்டர். கடையில் நிதா என்பார்கள், கிரேப் என்பார்கள், கொரியன் என்பார்கள், பெயர்தான் வேறு. எண்ணெயில் இருந்து வந்த நூல், கழுவும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய பிளாஸ்டிக் இழை கடலுக்குப் போகிறது. கல்முனை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு அதோடு பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். இன்றைக்கு உலகில் உற்பத்தியாகும் நாரில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர், பருத்தி ஐந்தில் ஒரு பங்கு. சேதனப் பருத்தி அந்த ஐந்தில் ஒன்றிலும் நூறில் ஒன்றோ இரண்டோ. ஆகவே சாதாரணப் பருத்தியில் ஒன்றை ஊர்த் தையல்காரியிடம் கேட்ட கூலி கொடுத்துத் தைத்து, நாலு பெருநாளைக்கு உடுப்பதை நான் அந்த விளம்பரத்துச் சட்டைக்கு மேலே வைப்பேன். பெருநாளைக்கு முதல் நாள் இரவு வரை அவர்களைத் தைக்க வைத்துவிட்டு, 200 ரூபாய் குறைக்கச் சொல்லி வாசலில் நின்று பேரம் பேசுகிறோமே, கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பது பற்றிய நபிமொழியைப் பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள்.

கடைசியாக ஓர் உதவி. தரம் 10 பிள்ளைகளை வைத்து ஒரு செயற்றிட்டம் செய்யப் போகிறேன். மருதமுனைச் சாரம் ஒன்றை எடுத்து, நூலில் இருந்து விற்பனை வரைக்கும் அதன் விலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். நூல் எந்த நாட்டில் இருந்து வருகிறது, ஒரு கட்டு என்ன விலை, 2022க்கு முன் என்ன விலை, சாயம் எங்கே போடுகிறார்கள், நெய்கிற பெண்ணுக்கு ஒரு சாரத்துக்கு எவ்வளவு, கடைக்காரருக்கு எவ்வளவு. கைத்தறி என்பதால் இந்தக் கடைசிக் கேள்விகளை விட்டுவிட மாட்டேன், தறிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். கலப்பில்லாத பருத்தி நூலில் மட்டும் நெய்கிறவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் வாருங்கள். சனிக்கிழமையில் 18 பிள்ளைகளோடு வருவேன், தறியைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நூல் வாங்கின பழைய பில் யாரிடமாவது இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள், அதில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டுத்தான் வகுப்பில் காட்டுவேன்.